கியர் பாக்ஸ் நிதி லிஸ்ட்டில் எங்கள் பெயர் ஏன் இல்லை



நாலு நாளாக ஆலய வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. பெரியவரின் வண்டிக்கு 13,500 வெள்ளி திரட்டணும், ஆளுக்கு 50 வெள்ளி போடுங்கள், பெயரை எழுதுங்கள் என்று லிஸ்ட் ஓடுகிறது. இதுவரை முப்பத்தி ரெண்டு பெயர். அதில் தொண்டர் படை ஏழு பேரின் பெயர் மட்டும் இல்லை. "மேசை நாற்காலி தூக்க மட்டும் முன்னால் வருவார்கள், காசு என்றால் காணோம்" என்று ஒரு அன்பர் எழுதியிருந்தார். படித்தோம். கோபம் வந்தது, பிறகு பதில் எழுதலாம் என்று முடிவு செய்தோம். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பெரியவர் மீது எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டி, அப்புறம் லோரி ஓட்டி, இபிஎஃப் காசில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஏழு சீட் எஸ்யூவி அது. வாங்கிய நாளில் இருந்து அது அவர் வண்டியாக இருந்ததைவிட நம் வண்டியாகத்தான் ஓடியது. ஜொகோல் பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுதான் மிச்சம். பிள்ளைகள் சிரம்பானுக்கும் கே.எல்.லுக்கும் போய்விட்டார்கள். பாட்டிகள் மட்டும் அங்கேயே. பஸ்ஸை நம்ப முடியாது. வெள்ளிக்கிழமை பூஜைக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, அன்னதானம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவது அந்த வண்டி. கோலா பிலா மருத்துவமனைக்கு மருந்து வாங்கப் போவதும் அதிலேதான். எண்ணெய்க் காசு கேட்டதே இல்லை அந்த மனுஷன். அதனால்தான் சொல்கிறோம், அவர் பெயரைச் சொல்லி வேறொருவர் பையை நிரப்ப நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்.

நடந்தது என்ன என்று பாதிப் பேருக்குத் தெரியாது. வண்டி புக்கிட் பூத்துஸ் ஏற்றத்தில் திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொண்டது. இன்ஜின் உறுமுது, வண்டி நகர மாட்டேங்குது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஓரம் கட்டி, பத்து நிமிஷம் ஆஃப் பண்ணிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. இப்படி மூன்று தடவை. சிரம்பான் பக்கம் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். ஸ்கேனரை மாட்டினார்கள். அஞ்சு நிமிஷத்தில் தீர்ப்பு: "டிசிஎம் ரோசாக், அங்கிள். துக்கார்." ஹாஃப் கட் கடையில் இருந்து எடுத்த பழைய டிசிஎம் ஒன்றை மாட்டி, 4,200 வெள்ளி வாங்கினார்கள். இது போன மாதம். எங்களில் யாருக்கும் அவர் சொல்லவில்லை, தொந்தரவு வேண்டாம் என்று நினைத்திருப்பார். மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின நாள் அதே ஏற்றம், அதே விளக்கு, அதே ஒரே கியர். திரும்பக் கொண்டுபோனால் இப்போது தீர்ப்பு மாறிவிட்டது: "கியர் பாக்ஸ் போச்சு. 13,500."

பட்டறை பெயரைக் கேட்டு யாரும் கமெண்ட் போட வேண்டாம். சொல்ல மாட்டோம். வண்டி எந்தக் கம்பெனி என்பதும் இங்கே தேவையில்லை.

இப்போது டிசிஎம் என்றால் என்ன என்று ரெண்டு வார்த்தை. ஆட்டோ கியர் வண்டியில் எந்த நேரத்தில் எந்த கியர் என்று முடிவு செய்கிற சின்னக் கணினி அது. சில வண்டியில் கியர் பாக்ஸுக்குள்ளேயே எண்ணெயில் ஊறிக்கொண்டு இருக்கும். சிலதில் வெளியே, பானட்டுக்கு அடியில் பேட்டரி பக்கத்தில் ஒரு அலுமினியப் பெட்டியாக இருக்கும். பெரியவர் வண்டியில் வெளியே. உள்ளே போகும் அச்சு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, வெளியே வரும் அச்சு எவ்வளவு, எண்ணெய் எத்தனை டிகிரி சூடு, கம்பி பி-யில் இருக்கா டி-யில் இருக்கா, கால் எண்ணெயை எவ்வளவு அமுக்குது, எல்லாவற்றையும் கேட்டு, கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சோலனாய்டுகளைத் திறந்து மூடும். செய்தி சரியாக வரவில்லை என்றால், கியரைக் காப்பாற்ற ஒரே கியரில் நின்றுவிடும். அதற்குப் பெயர் லிம்ப் மோட். அதாவது வண்டி நொண்டுவது டிசிஎம் செத்ததால் மட்டும் வருவதில்லை. அது தன் கடமையைச் செய்ததாலும் வரும்.

பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் ரெண்டு கோட் இருக்கிறது. ஒன்று பி-0700. அதற்கு அர்த்தம், "கியர் பக்கம் ஏதோ கோளாறு, அங்கே போய்க் கேள்" என்று இன்ஜின் கணினி கை காட்டுகிறது, அவ்வளவுதான். என்ன கோளாறு என்று அதில் இல்லை. இன்னொன்று யூ-0101. டிசிஎம்மோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று மற்ற கணினிகள் புகார் சொல்கின்றன. இதை வைத்து "டிசிஎம் செத்துவிட்டது" என்று எழுதினார்கள். ஐயா, ஒருத்தர் போன் எடுக்கவில்லை என்றால் அவருக்குக் கருமாதி பண்ணிவிடுவோமா? லைன் போயிருக்கலாம். பேட்டரி கொங் ஆகியிருக்கலாம். சார்ஜர் வயர் அறுந்திருக்கலாம். அதையெல்லாம் பார்த்த பிறகு அல்லவா ஆளைப் பற்றிப் பேச வேண்டும்.

நாங்கள் இன்ஜினியர் இல்லை. எஸ்பிஎம் தான். ஆனால் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை இருபத்தெட்டு வருஷம். லைன் நின்றால் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டிய சூப்பர்வைசர் வேலை. எங்கள் தொண்டர் படையில் ரெண்டு பேர் மெயின்டனன்ஸ், ஒருவர் வயர்மேன். எங்கள் மெஷின்களிலும் இதே மாதிரி ஒரு கணினிப் பெட்டி உண்டு, பிஎல்சி என்போம். மெஷின் நின்றதும் ஒரு புதுப் பையன் ஓடி வந்து "பிஎல்சி மாத்தலாம் பாஸ்" என்று சொன்னால் அவனை அனுப்பி முதலில் 24 வோல்ட் சப்ளை வருதா பார் என்போம். அப்புறம் எர்த். அப்புறம் பிளக். அப்புறம் சென்சார். கடைசியில்தான் பெட்டி. ஏன் என்றால் பெட்டி விலை ஜாஸ்தி, அது கெடுவது குறைவு, அதோடு காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பெட்டி போட்டால் அதையும் அதே காரணம் தின்றுவிடும். இது பெரிய படிப்பு இல்லை. எந்த ஷிப்டில் கேட்டாலும் சொல்வார்கள். தொழிற்சாலையில் முதலாளி காசு என்பதால் இப்படிப் பார்க்கிறோம். நம் பெரியவர் காசு என்றால் மட்டும் ஊகத்தில் மாற்றலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி நாங்கள் பார்த்தோம். பெரியவரும் கூடவே இருந்தார், படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். டிசிஎம் பிளக்கைக் கழற்றினோம். ரெண்டு பின்னில் பச்சை பூத்திருக்கிறது. பெட்டிக்கு மேல் பக்கம் தண்ணீர் வழிந்து காய்ந்த கோடு. மேலே பார்த்தால் முன் கண்ணாடிக்குக் கீழே மழைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டை இருக்கிறதே, அது காய்ந்த இலைச் சருகால் அடைத்துக் கிடக்கிறது. ரப்பர் மரத்தடியில் நிற்கிற வண்டி வேறு எப்படி இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் வடியாமல் நிறைந்து, அந்தப் பெட்டி மேல்தான் சொட்டும்.

அப்புறம் மீட்டர். இன்ஜினை ஓடவிட்டு, விளக்கு, ஏர்கோன் எல்லாம் போட்டு, டிசிஎம் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவில் அளந்தோம். நல்ல வண்டியில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கே 0.8. எர்த் வயர் பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தில் துரு. அதாவது அந்தப் பெட்டிக்குக் கரண்டே அரைகுறை. ஏற்றத்தில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றி, சூடும் ஏறும்போது இன்னும் மோசமாகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் சொருகும் பிளக்கில் 6-வது, 14-வது பின்னுக்கு நடுவே அளந்தோம், 60 ஓம் காட்டியது. கணினிகள் பேசிக்கொள்ளும் வயரின் ரெண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும், ரெண்டும் சேர்ந்து 60 காட்டினால் அந்த லைன் அறுபடவில்லை என்று அர்த்தம். கியர் எண்ணெயையும் பார்த்தோம். சிவப்பாகத்தான் இருக்கிறது, கருகின வாடை இல்லை. மொத்தம் ஒன்றரை மணி நேரம். செலவு, நாலு தே தாரேக்.

இப்போது ஒரு கேள்வி. பழைய டிசிஎம் மாட்டியதும் மூன்று வாரம் எப்படி நன்றாக ஓடியது? எங்கள் வயர்மேன் சொன்ன பதிலைக் கேளுங்கள். பிளக்கைக் கழற்றித் திரும்பச் சொருகும்போது பின்னில் இருக்கும் பச்சை கொஞ்சம் உரசிப் போகும். கான்டக்ட் கொஞ்ச நாளைக்கு நன்றாகிவிடும். அப்புறம் மழை, திரும்பப் பச்சை. அப்படியென்றால் அந்த 4,200 வெள்ளி எதற்குக் கொடுத்தது? பிளக்கைக் கழற்றி மாட்டியதற்காகவும் இருக்கலாம்!

பெரியவரின் பழைய டிசிஎம் எங்கே என்று கேட்டோம். "சூடா புவாங்" என்றார்களாம். தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அது இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்து, உண்மையிலேயே செத்ததா என்று மேசையில் வைத்துச் சோதித்திருக்கலாம். உள்ளே சால்டர் விரிசல் என்றால் திரும்பப் பற்றவைத்தே பல பெட்டிகளை எழுப்பிவிடுகிறார்கள். சாட்சியும் போச்சு, சாமானும் போச்சு. பழைய சாமானைக் கையில் வாங்காமல் எந்தப் பட்டறையிலும் காசு கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

கியர் பாக்ஸில் ஒன்றுமே இல்லை என்று நாங்கள் சத்தியம் செய்யவில்லை. இருக்கலாம். டிசிஎம் கூட உண்மையிலேயே கெட்டிருக்கலாம். அரைகுறைக் கரண்டில் ஓடினால் எதுவும் கெடும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: காட்டு. எத்தனை வோல்ட், எந்த சென்சார், எண்ணெய்ச் சட்டியில் இரும்புத் தூள் இருந்ததா, எழுதிக் காட்டு. 13,500 கேட்கிறவர் எண்ணெய்ச் சட்டியைக் கூடக் கழற்றவில்லை. போல்ட்டில் தூசி அப்படியே இருக்கிறது. படம் கீழே போட்டிருக்கிறோம்.

டிசிஎம் மாற்றியே ஆக வேண்டும் என்று நிரூபணம் ஆனாலும், மாற்றுவது என்பது நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டுவது இல்லை. சாமான் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். ஒரே மாடல் வண்டிக்கே வருஷத்துக்கு ஒரு நம்பர் மாறும். புதுப் பெட்டி என்றால் அதற்குள் அந்த வண்டியின் சேசிஸ் நம்பரையும் மென்பொருளையும் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பேட்டரிக்கு சப்போர்ட் சார்ஜர் மாட்ட வேண்டும், பாதியில் வோல்ட் இறங்கினால் புதுப் பெட்டியே அங்கேயே பிணம். ஹாஃப் கட் பெட்டி என்றால் இன்னும் வம்பு. வேறொரு வண்டியின் சேசிஸ் நம்பரும், வேறொரு கியர் பாக்ஸின் தேய்மானத்துக்கு ஏற்றபடி அது பழகிய கணக்கும் உள்ளே இருக்கும். அடுத்தவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி. அதை அழித்து, எண்ணெயைச் சொன்ன சூட்டுக்குக் கொண்டுவந்து அளவு பார்த்து, ரோட்டில் ஓட்டி ஒவ்வொரு கியராகத் திரும்பப் பழக்க வேண்டும். பெரியவர் ரசீதில் இதில் ஒன்றாவது இருக்கிறதா? ஒரே வரி. டிசிஎம், யூஸ்ட், 4,200. புரோகிராமிங் என்ற சொல்லே இல்லை.

இதுவும் சொல்ல வேண்டும். ஹாஃப் கட் பெட்டி எங்கே கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மட்டும் தெரிய முழுகிய வண்டிகளைப் பார்த்தோமே. முழுகிய வண்டியின் எலக்ட்ரானிக் சாமானைக் காயவைத்துத் துடைத்து வைத்தால் பார்வைக்குப் புதுசு மாதிரிதான் இருக்கும். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. ஹாஃப் கட் சாமானால்தான் நம்மைப் போன்றவர்களின் வண்டி ரோட்டில் ஓடுகிறது, அதுவும் உண்மை. ஆனால் கதவு, கண்ணாடி, பம்பர் வாங்குவது வேறு, கணினி வாங்குவது வேறு.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு வயிறு எரிந்தது பட்டறைக்காரர் பெரியவரிடம் சொன்ன ஒரு வார்த்தை. "அங்கிள், நீங்க ஓட்டுற விதம்தான். கிழவிங்களை ஏத்திக்கிட்டு புக்கிட் பூத்துஸ் ஏறினா கியர் தாங்குமா?" ஏழு சீட் வண்டியில் ஏழு பேரை ஏற்றியது குற்றமாம்! அந்த மனுஷன் அதை நம்பி, ரெண்டு நாளாகத் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வார்த்தை புதுசு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கம்பெனி இதையேதான் சொல்லி மாட்டிக்கொண்டது. (பெரியவர் வண்டி ஃபோர்டு இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் என்ற மூன்று மாடலில் பவர்ஷிஃப்ட் என்று ஒரு இரட்டைக் கிளட்ச் ஆட்டோ கியர் போட்டு அங்கே சுமார் 70,000 வண்டி விற்றார்கள். ஈகோஸ்போர்ட் நம் ஊருக்கும் 2014-இல் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில், நம் தமிழ்ப் பிள்ளைகள் கையால் பூட்டிய வண்டி என்று தமிழ்நாட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வேலையும் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்ததோடு போனது, அது வேறு சோகம். கதைக்கு வருகிறோம். வண்டி நடுங்குகிறது, இழுவை போகிறது என்று ஆஸ்திரேலியாவில் ஜனங்கள் புகார் சொன்னார்கள். கம்பெனி என்ன பதில் சொன்னது? நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்! கியரில் கோளாறு இருப்பது தெரிந்தும் அப்படிச் சொன்னார்கள். அந்த நாட்டுப் பயனீட்டாளர் ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் கோர்ட் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அமெரிக்காவில் அதே கியரின் டிசிஎம்முக்கு மட்டும் தனியாக, 10 வருஷம் அல்லது 150,000 மைல் வரை கம்பெனியே வாரண்டியை நீட்டிக்க வேண்டி வந்தது. 150,000 மைல் என்றால் நம் கணக்கில் 240,000 கிலோமீட்டர். சீனாவில் இன்னும் வேகம். 2013 மார்ச் 15, பயனீட்டாளர் தினத்தன்று அரசு டிவியில் ஃபோக்ஸ்வேகன் டிஎஸ்ஜி கியர் கோளாறைப் போட்டுக் காட்டினார்கள், சில நாளில் 3 லட்சத்து 84 ஆயிரம் வண்டியைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி ஒத்துக்கொண்டது.

அங்கே எல்லாம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? உண்டியல் குலுக்கவில்லை. தாள் சேர்த்தார்கள். ரசீது, தேதி, கிலோமீட்டர், எந்த நாள் எங்கே நின்றது என்று எழுதி வைத்தார்கள். கேட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? கவுண்டரில் இங்கிலீஷும் மலாயும் கலந்து நாலு டெக்னிக்கல் வார்த்தை விட்டால் "ஆமா ஆமா" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து ஆலயக் குழுவில் லிஸ்ட் போடுகிறோம்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது உறவுகளே. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். சாமான் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், செய்கிற வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்று அதில் இருக்கிறது. பட்டறைகள் வாடிக்கையாளரிடம் விவரத்தைச் சொல்ல வேண்டும் என்று 2002-இல் தனி விதிமுறையே போட்டார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றம், திரிபியூனல், அதில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம். 2019 திருத்தத்துக்கு முன்னால் 25,000 தான். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. ஐந்தே வெள்ளி! வக்கீல் வைக்கக் கூடாது, அதனால் பட்டறைக்காரரும் பெரியவர் மாதிரியே தன் வாயால்தான் பேச வேண்டும். விவகாரம் தொடங்கிய நாளில் இருந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், பெரியவருக்கு இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. தீர்ப்பு வந்து 14 நாளில் கட்டவில்லை என்றால் அது குற்றம்.

"இதெல்லாம் எதற்குப்பா, புண்ணிய காரியத்தில் கணக்குப் பார்க்கலாமா" என்று ஒரு மூத்த அன்பர் கேட்டார். ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் நினைத்துப் பாருங்கள். அன்னதானத்துக்கு அரிசி வாங்க மூன்று கடையில் விலை கேட்கிறோம். போன வருஷம் மைக் செட் 1,800 வெள்ளிக்கு வாங்க ரெண்டு கூட்டம் போட்டோம், கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்க எத்தனை லிட்டர் என்று செயலவையில் சண்டையே நடந்தது, நீங்களே எழுந்து நின்று கேள்வி கேட்டீர்கள். இங்கே 13,500 வெள்ளி, ஒரே ஒரு ஆள் வாயால் சொன்ன விலை, ஒரு தாள் கூட இல்லை. இதற்கு மட்டும் கேள்வி கேட்டால் பாவமா? இன்னொன்று. வண்டி பெரியவர் பெயரில் இருக்கிறது. ஆலயத்தின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினால் அது ஆலயக் கணக்கில் வர வேண்டும். சங்கப் பதிவகத்துக்கு வருஷா வருஷம் கணக்கு அனுப்புகிறோம். யாரோ ஒருவரின் சொந்த பேங்க் நம்பரைக் குழுவில் போட்டு "ஆலய வண்டி நிதி" என்று எழுதுவது முறையே இல்லை. எழுதியவர் நல்ல எண்ணத்தில் எழுதியிருப்பார், சந்தேகம் இல்லை. நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லப்போவது பொருளாளர்.

எலுமிச்சம்பழம் பற்றியும் ஒரு வார்த்தை. கண் திருஷ்டி, சக்கரத்துக்கடியில் பழம் வைத்து ஏற்றினால் சரியாகும் என்று ரெண்டு பேர் எழுதினார்கள். நாங்கள் கிண்டல் செய்யவில்லை. வாகன பூஜைக்கு வரிசையில் நிற்கும் வண்டிகளுக்குப் பொட்டு வைப்பதே நாங்கள்தான். ஆயுத பூஜை அன்று தொழிற்சாலையில் ஸ்பேனருக்கு மட்டும் இல்லை, மல்டிமீட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்கள் நாங்கள். மறுநாள் காலையில் அந்த மீட்டரை எடுத்து அளக்கவும் செய்வோம். பழம் வையுங்கள், கூடவே அந்த ஓட்டையில் இருக்கிற சருகையும் அள்ளிவிடுங்கள். நாங்கள் அள்ளிவிட்டோம்.

அதனால் எங்கள் முடிவு இது. லிஸ்ட்டை இப்போதைக்கு நிறுத்துங்கள். இதுவரை வந்த பணத்தைக் கொடுத்தவர்களுக்கே திருப்பிக் கொடுங்கள், இல்லை என்றால் செயலவையில் வைத்து, ரசீது எழுதிப் பொருளாளர் கையில் கொடுங்கள். எர்த் வயர், பிளக், தண்ணீர் வழி, இந்த மூன்றையும் சரி செய்யும் வேலையை எங்கள் வயர்மேன் இந்த வாரமே செய்கிறார், சாமான் செலவு எங்களுடையது. அதற்குப் பிறகும் விளக்கு எரிந்தால், பகாவில் ஆட்டோ கியர் மட்டும் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோகிறோம். வெறும் சோதனைக்கு 150 வெள்ளி கேட்கிறார், அளந்ததை எல்லாம் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். அந்தத் தாளில் டிசிஎம் என்று வந்தால் டிசிஎம். கியர் பாக்ஸ் என்று வந்தால் கியர் பாக்ஸ். அன்றைக்கு லிஸ்ட் போடுங்கள், முதல் ஏழு பெயர் எங்களுடையதாக இருக்கும், 50 இல்லை, 200. ஆனால் அந்த 4,200-ஐ விட மாட்டோம். அதைத் திரிபியூனலில் கேட்கப் பெரியவர் சம்மதித்துவிட்டார். முதலில் "வேண்டாம்பா, சண்டை எதற்கு" என்றார். இது சண்டை இல்லை தாத்தா, பாரம்தான் என்று ஃபாரத்தைக் காட்டினோம். சிரித்துவிட்டார்.

வண்டி சரியாகும் வரை பாட்டிகளை ஏற்றும் வேலை எங்களுடையது. இந்த வெள்ளிக்கு ரெண்டு மைவி, ஒரு வேன் ஏற்பாடாகிவிட்டது. சாயங்காலம் 5.30-க்குத் தோட்டத்துப் பழைய ஆயாக் கொட்டகை முன்னால் நிற்போம். மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஷிப்ட் மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கும்.

பூஜை முடிந்து மண்டபத்தில் உட்காருகிறோம். பெரியவருக்கு ஃபாரம் எழுத மலாய் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர் வேண்டும், காலேஜ் படிக்கிறவர்கள் யாராவது வாருங்கள். முதல் தடவை வண்டியை இழுத்துப் போன டோ லோரி ரசீது பெரியவரிடம் இல்லை. அன்றைக்கு அவரோடு வண்டியில் இருந்த அக்கா இதைப் படித்தால், கைப்பையில் தேடிப் பாருங்கள் அக்கா, உங்களிடம்தான் கொடுத்ததாகச் சொல்கிறார்.